கிருஷ்ணகிரியில இருந்து சர்ஃபிங் கத்துக்கணும்: வீட்டுல என்ன பழகறது, கடல்ல என்ன பழகறது?

பர்கூர்_பையன்:

எல்லாருக்கும் வணக்கம். நானும் என் தங்கச்சியும் சர்ஃபிங் கத்துக்கலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். நம்ம ஊர்ல இருந்து எந்தப் பக்கம் போனாலும் கடல் நாலஞ்சு மணி நேரம். அதனால போற ஒவ்வொரு தடவையும் உருப்படியா அமையணும்னு பார்க்கறேன்.

எனக்கு 27 வயசு, 76 கிலோ, அஞ்சடி எட்டங்குலம். கிணத்து நீச்சல் நல்லா வரும். கடல்ல காலை நனைச்சதோட சரி. தங்கச்சிக்கு 15 வயசு, நீச்சல் தெரியாது. எனக்குக் கண்ணாடி, பவர் மைனஸ் 3.

கேட்க நினைக்கறது இதுதான். எந்த மாசம், எந்த ஊர்? பழைய ஆறடி போர்டு ஒண்ணு மலிவா வருது, வாங்கிடலாமா? போர்டுல படுத்துக் கையால தண்ணியை இழுக்கற பழக்கத்தை மட்டும் கே.ஆர்.பி. டேம்ல பண்ணிக்கலாமா? வீட்டுலயே செய்யற மாதிரி பயிற்சி ஏதாவது உண்டா? கொஞ்சம் விவரமா சொல்லுங்க.


ஈசிஆர்_காலை:

தம்பி, ஊரையும் மாசத்தையும் நான் சொல்லிடறேன்.

உங்களுக்குத் தோதானது மூணு: கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரி. பதிவு பண்ணும்போது ஒண்ணு கவனிங்க. கேரளத்துலயும் ஒரு கோவளம் இருக்கு, அங்கேயும் சர்ஃபிங் சொல்லித் தர்றாங்க. உங்களுக்கு வேண்டியது செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம். அங்க சர்ஃபிங்கை வளர்த்தது மூர்த்தி மேகவன் மாதிரியான மீனவர்கள்தான். சொல்லித் தர்றவங்கள்ல பல பேர் அந்தக் கடலோரத்துலயே பிறந்து வளர்ந்தவங்க. இன்னிக்குத் தண்ணி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு ஒரு பார்வையில சொல்லிடுவாங்க. புதுச்சேரியில செரினிட்டி கடற்கரைப் பக்கம் பள்ளி இருக்கு. அங்க அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள்ள கருங்கல் கொட்டியிருக்காங்க, அந்தக் கல்லுப் பக்கம் ஒதுங்காம இருக்கணும். மாமல்லபுரத்துலயும் அதே கதைதான், கடற்கரைக் கோயில் பக்கத்துப் பாறை அலை தேர்ந்தவங்களுக்கு. நீங்க மணல் தரை இருக்கற இடத்துல மட்டும் இறங்குங்க.

மாசம்: ஜனவரி கடைசியில இருந்து ஏப்ரல் வரைக்கும் அலை பெரும்பாலும் சின்னது, தொடங்கறவங்களுக்கு அதுதான் நல்லது. மே முதல் செப்டம்பர் வரை தெற்குப் பெருங்கடல்ல கிளம்பற அலைகள் வந்து சேரும், உயரமும் கூடும், தள்ளற பலமும் கூடும். மாமல்லபுரத்துல 2023 ஆகஸ்ட்ல உலக சர்ஃப் லீக்கோட தகுதிச் சுற்றுப் போட்டியும், 2025 ஆகஸ்ட்ல ஆசிய சாம்பியன்ஷிப்பும் நடந்தது. ஆகஸ்ட் அலை போட்டிக்காரங்களுக்கு ஏத்ததுன்னு இதுல இருந்தே புரிஞ்சுக்கலாம். அந்த மாசங்கள்லயும் சின்ன நாள் வரும், பார்த்துப் போகலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இந்தப் பக்கம் வேண்டாம். வடகிழக்குப் பருவமழை, புயல் சின்னம், கலங்கின தண்ணி, கரையை ஒட்டி ஓடற நீரோட்டம். அந்தச் சமயத்துல கத்துக்கணும்னா மேற்குக் கடற்கரை, வர்க்கலாவோ மங்களூர் பக்கத்து முல்கியோ. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரை அங்க தலைகீழ், கடல் கொந்தளிச்சுக் கிடக்கும்.

வழி: பர்கூர்ல இருந்து வேலூர் ரோட்டுல காஞ்சிபுரம், அங்க இருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம். சென்னைக்குள்ள நுழையவே வேண்டாம். புதுச்சேரின்னா ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம். தருமபுரிக்காரங்க அரூர் வழியா வந்து திருவண்ணாமலையில சேர்ந்துக்கலாம்.

எந்த ஊர் போனாலும் முந்தின நாள் ராத்திரியே போய்ப் படுத்துடுங்க. விடியக்காலையில நம்ம கடற்கரையில காத்து பெரும்பாலும் நிலத்துல இருந்து கடலுக்கு வீசும், அலை முகம் வழவழன்னு இருக்கும், எங்க உடையும்னு கண்ணுக்குத் தெரியும். பத்து பதினோரு மணிக்கு மேல கடல் காத்து ஏறினா அலை குலைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு விழும். காலை 6 முதல் 9 வரைதான் உங்க நேரம். ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு நேரா தண்ணியில இறங்கறது ரொம்பத் தப்பு.

அலை கணிப்பு பார்க்கும்போது உயரத்தை மட்டும் பார்க்காதீங்க. ரெண்டு அலைக்கு நடுவுல எத்தனை நொடின்னும் போட்டிருப்பாங்க. உயரம் ஒண்ணாவே இருந்தாலும் 14 நொடி அலை 7 நொடி அலையை விட ரொம்ப பலமாத் தள்ளும். உங்களுக்கு முழங்கால்ல இருந்து இடுப்புக்குள்ள உயரம், 8 முதல் 12 நொடி, காத்து மணிக்கு 15 கிலோமீட்டருக்குக் கீழ. ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ் நிறுவனம் உயர் அலை எச்சரிக்கையும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் வெளியிடும். அது இருக்கற நாள்ல பயணத்தையே தள்ளிப் போட்டுடுங்க. கள்ளக்கடல்னா உள்ளூர்ல காத்தே இல்லாம, எங்கேயோ தூரத்துப் புயலால கிளம்பின அலை திடீர்னு கரையேறி வர்றது. வானம் பளிச்சுன்னு இருக்கேன்னு நம்பி இறங்கிடக் கூடாது.


நுரைப்பலகை:

ஆறடி போர்டை வாங்காதீங்க. இலவசமா குடுத்தாலும் இப்போதைக்கு வேண்டாம்.

போர்டுக்கு அடியை விட முக்கியம் லிட்டர், அதாவது அதோட கொள்ளளவு. ஆறடி ஷார்ட்போர்டு 30 லிட்டரைச் சுத்தி இருக்கும். 76 கிலோ ஆள் அதுல படுத்தா நெஞ்சு வரைக்கும் தண்ணிக்குள்ள போயிடும். எவ்வளவு கை போட்டாலும் வேகம் வராது, வேகம் வராத பலகையை அலை அப்படியே விட்டுட்டுக் கடந்து போயிடும். உங்களுக்கு வேண்டியது 8 முதல் 9 அடி ஃபோம் போர்டு, 22 அங்குலத்துக்குக் குறையாத அகலம், 3 அங்குலத்துக்கு மேல கனம், 80 லிட்டருக்குப் பக்கமா. மேல மெத்துன்னு இருக்கும், தலையில பட்டாலும் அடி குறைவு. அடியில துடுப்பு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கற மூணு ஃபின்னும் வளையற பிளாஸ்டிக்கா இருக்கணும், கெட்டியான ஃபைபர் ஃபின் தொடையைக் கிழிச்சிடும்.

இதெல்லாம் சர்ஃப் பள்ளியிலயே குடுப்பாங்க. பதிவு பண்றதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது: கட்டணத்துல போர்டு, லீஷ், மேல போடற ராஷ் கார்டு எல்லாம் சேருமா? ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? நாலஞ்சு பேருக்கு மேலன்னா வேற நேரம் கேளுங்க. சொல்லித் தர்றவருக்கு சர்வதேச சர்ஃபிங் சங்கத்தோட முதல் நிலைச் சான்றும் நீர் மீட்புப் பயிற்சியும் இருக்கா? நல்ல பள்ளிக்காரங்க இதைக் கேட்டா கோவிச்சுக்க மாட்டாங்க.

லீஷ்ங்கறது போர்டையும் உங்க காலையும் இணைக்கற கயிறு. நீளம் போர்டு அளவுக்கு இருக்கணும், 8 அடி போர்டுக்கு 8 அடி. குட்டையா இருந்தா நீங்க விழுந்ததும் போர்டு சுண்டித் திரும்பி உங்க மேலயே வரும். பின்னங்கால், அதாவது போர்டுல நிக்கும்போது பின்னால இருக்கற கால், அதோட கணுக்கால்ல, கயிறு வெளிப்பக்கம் பார்த்த மாதிரி கட்டுங்க. உள்பக்கம் வந்தா எழுந்திருக்கும்போது கால்ல மாட்டும். ஒவ்வொரு தடவை கட்டறதுக்கு முன்னாடியும் வெல்க்ரோவைப் பிரிச்சு மணலைத் தட்டுங்க. மணல் சேர்ந்த வெல்க்ரோ பாதி அலையிலயே கழண்டுக்கும். கயிறு முழுக்க விரலை ஓட்டிப் பார்த்து, எங்கயாவது வெட்டோ வெளுப்போ இருந்தா வேற கேளுங்க.

எதிர்காலத்துல சொந்தமா ஒண்ணு வாங்கினாலும் நம்ம ஊர்ல வெச்சுக்கறதே ஒரு பாடு. எட்டடிப் பலகையை பஸ்ல ஏத்த மாட்டாங்க. மே மாச வெயில்ல வண்டிக்குள்ள விட்டீங்கன்னா ஃபோமும் மேல் தோலும் பிரிஞ்சு குமிழ் குமிழா எழும்பும், கால் வழுக்காம இருக்க மேல தேய்க்கற மெழுகும் உருகி ஓடும். தனியா ஒரு அலையைப் பிடிச்சுக் கரை சேர்ற வரைக்கும் வாடகையே போதும்.


பாலக்கோடு_நீச்சல்:

டேம் வேண்டாம் தம்பி. அணைத் தண்ணியில அடியில என்ன கிடக்குன்னு தெரியாது. சேறு, வலை, மரக்கிளை, திடீர் பள்ளம். மதகு திறந்தா மேல அமைதியா இருக்கும்போதே கீழ இழுப்பு இருக்கும். ஒகேனக்கல்லும் அப்படித்தான். கர்நாடகத்துல தண்ணி திறந்தா அளவு மாறும், பாறை இடுக்குல கால் சிக்கினா வெளிய எடுக்க முடியாது. பரிசல்ல போய்ட்டு வர்றதோட நிறுத்திக்குங்க.

கிணத்து நீச்சல் தைரியத்தைக் குடுக்கும், ஆனா சர்ஃபிங்குக்கு வேண்டிய நீச்சல் வேற. கிணத்துல குதிக்கறோம், மூழ்கறோம், நாலு வீச்சுல படியைப் பிடிக்கறோம். தோள்பட்டை களைக்கற அளவுக்கு அங்க தூரமே இல்ல. கடல்ல போற நேரத்துல பெரும் பங்கு படுத்துக்கிட்டுக் கை போடறதுலயே போகும், நிக்கறது சில நொடிதான். முதல் நாள் முக்கால்வாசிப் பேர் விழறதுக்குக் காரணம் கால் இல்ல, தோள் ஓய்ஞ்சு போறதுதான். ஓய்ஞ்ச தோளால உடம்பை மேல தள்ள முடியாது.

அதனால கடலுக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு மாசம் ஏதாவது நீச்சல் குளத்துல பழகுங்க. இலக்கு: நிறுத்தாம 200 மீட்டர் ஃப்ரீஸ்டைல், நின்ன இடத்துலயே கால் அடிச்சு 10 நிமிஷம் மிதக்கறது. தலையைத் தண்ணிக்கு மேல தூக்கிக்கிட்டு 25 மீட்டர் போறதையும் சேர்த்துக்குங்க, போர்டுல படுத்தா கழுத்தும் நடுமுதுகும் அப்படித்தான் இருக்கணும். மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அடியில உட்கார்ற போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம், தனியா இருக்கும்போது கிட்டவே போகாதீங்க. சின்ன அலை உங்களை உள்ள வெச்சிருக்கறது சில நொடிதான். அதுல பதறாம இருந்தாப் போதும்.

அடுத்தது பாப்-அப், அதாவது படுத்த நிலையில இருந்து எழுந்து நிக்கறது. இதை மொட்டை மாடியிலயே பழகலாம். சாக்பீஸால 8 அடி நீளம், 22 அங்குல அகலத்துல பலகை மாதிரி ஒரு கோடு இழுங்க. நடுவுல நீளவாக்குல இன்னொரு கோடு. கீழ பாய் போட்டா வழுக்கும், வெறும் தரையிலயே செய்ங்க, காலையில தரை சூடேறறதுக்கு முன்னாடி.

முதல்ல எந்தக் கால் முன்னால வரும்னு கண்டுபிடிங்க. கண்ணை மூடி நின்னுக்கிட்டு தங்கச்சியை விட்டுப் பின்னால இருந்து திடீர்னு லேசாத் தள்ளச் சொல்லுங்க. விழாம இருக்க எந்தக் கால் முன்னால போகுதோ அது உங்க முன்னங்கால். இடது முன்னால வந்தா ரெகுலர், வலதுன்னா கூஃபி. ரெண்டும் சரிதான்.

இப்போ நடுக்கோட்டு மேல குப்புறப் படுங்க, கால் விரல் வால் விளிம்பை, அதாவது பலகையோட பின்முனையைத் தொடற மாதிரி. கை ரெண்டும் கீழ் விலாவுக்குப் பக்கத்துல, உள்ளங்கை தரையில பரப்பி. போர்டோட ஓரத்தைப் பிடிக்கற மாதிரி வைக்காதீங்க. ஓரத்தைப் பிடிச்சு எழுந்தா ஒரு பக்கம் கூடுதலா அழுத்தும், கடல்ல பலகை அப்படியே கவிழும். நெஞ்சைத் தூக்குங்க, பார்வை எதிர்ச்சுவர்ல. கையை நேராக்கித் தள்ளி, பின்னங்காலைக் குறுக்கா ஊணுங்க, அப்புறம் முன்னங்காலை ரெண்டு கைக்கும் நடுவுல கொண்டு வந்து வைங்க. கை கடைசியாத்தான் தரையை விடணும். எழுந்ததும் முட்டி மடங்கியே இருக்கட்டும், ரெண்டு காலும் நடுக்கோட்டு மேல, தோள் அகலத்தை விடக் கொஞ்சம் கூட. பத்து பத்தா மூணு தடவை, நடுவுல ஒரு நிமிஷம் ஓய்வு. ஒவ்வொரு தடவையும் அப்படியே நின்னு கீழ குனிஞ்சு பாருங்க: குதிகால் கோட்டை விட்டுத் தள்ளிப் போச்சா? போச்சுன்னா அது கடல்ல விழுந்த கணக்கு.

முட்டி போட்டு எழுந்திருக்கற பழக்கம் மட்டும் வந்துடக் கூடாது. ஒரு தடவை படிஞ்சா மாத்தறது ரொம்பக் கஷ்டம்.


ஈசிஆர்_காலை:

பாலக்கோட்டு அண்ணன் சொன்னதுல ஒண்ணுல மட்டும் எனக்கு வேற கருத்து. பின்னங்கால் முதல்ல, முன்னங்கால் அப்புறம்னு பிரிச்சா அலையில நேரம் போதாது. ரெண்டு காலும் ஒரே துள்ளல்ல வரணும்.


பாலக்கோடு_நீச்சல்:

இடுப்பு இளகின 15 வயசுப் புள்ளைக்குத் துள்ளல் வரும். நாற்காலியில உட்கார்ந்து வேலை பார்க்கற 27 வயசுக்காரருக்கு முன்னங்கால் பாதியிலயே நின்னுடும், கட்டை விரல் தரையில இடிக்கும். ஏற்கெனவே உடைஞ்சு வர்ற நுரை அலை மெதுவாத்தான் தள்ளும், அதுல பிரிச்சு எழுந்திருக்கத் தாராளமா நேரம் இருக்கு. உடையாத அலைக்குப் போகும்போது ஒரே துள்ளலா மாத்திக்கலாம். அதுவரைக்கும் இடுப்பு நெகிழ்றதுக்கு தினமும் ரெண்டு நிமிஷம் ஆழமா குத்த வெச்சு உட்கார்ந்தாலே போதும்.


ஈசிஆர்_காலை:

நுரைக்கு அது சரிதான், ஒத்துக்கறேன்.


பர்கூர்_பையன்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். போர்டு வாங்கற எண்ணத்தை விட்டாச்சு, டேமும் கிடையாது. தண்ணிக்குள்ள இறங்கின பிறகு வரிசையா என்ன நடக்கும்? வீடியோவுல பார்த்தா நிறைய பேர் போர்டோட மூக்கு தண்ணிக்குள்ள குத்தித் தலைகீழா விழறாங்க. அது ஏன்?


ஈசிஆர்_காலை:

இறங்கறதுக்கு முன்னாடி கரையில 15 நிமிஷம் சும்மா உட்கார்ந்து பாருங்க. அலை ஒரே மாதிரி வராது. கொஞ்ச நேரம் சின்னதா வரும், அப்புறம் நாலஞ்சு பெரிய அலை கூட்டமா வரும், மறுபடி அடங்கும். அந்த இடைவெளியை மனசுல வெச்சுக்குங்க. பெரிய கூட்டம் முடிஞ்சதும் இறங்கறதுதான் சுலபம்.

முதல் சில பாடம் முழுக்க ஏற்கெனவே உடைஞ்சு கரைக்கு வர்ற வெள்ளை நுரை அலையிலதான். தண்ணி இடுப்பளவு. போர்டைப் பக்கத்துல வெச்சு, மூக்கு கடலைப் பார்த்த மாதிரி நடத்திக் கூட்டிட்டுப் போங்க. அலைக்கும் உங்களுக்கும் நடுவுல போர்டு ஒருபோதும் குறுக்கா வரக் கூடாது. குறுக்கா வந்தா நுரை அதை அப்படியே தூக்கி உங்க நெஞ்சுல, பல்லுல அடிக்கும். நேருக்கு நேரா மூக்கைக் காட்டி, நுரை வரும்போது வாலை லேசா அழுத்தினா போர்டு மேல ஏறிக் கடந்துடும்.

இடுப்பளவு வந்ததும் போர்டைக் கரைப்பக்கம் திருப்பிப் படுங்க. இங்கதான் உங்க கேள்விக்குப் பதில் இருக்கு. மூக்கு குத்தறதுக்கு முதல் காரணம் முன்னால தள்ளிப் படுத்தது. ரொம்பப் பின்னால படுத்தா மூக்கு வானத்தைப் பார்க்கும், வால் முங்கும், நுரை அடியில புகுந்து உங்களை விட்டுட்டுப் போயிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்கு. படுத்து அசையாம இருக்கும்போது மூக்கு நுனி தண்ணிக்கு மேல ரெண்டு மூணு அங்குலம் தெரியணும். மாத்தணும்னா ஒரு தடவைக்கு ரெண்டு அங்குலம் மட்டும் நகருங்க. சரியான இடம் கிடைச்சதும் உங்க தாடைக்கு நேரா போர்டுல என்ன இருக்குன்னு பாருங்க, ஏதாவது எழுத்து, கோடு, கீறல். அடுத்த தடவை தாடையை அங்கேயே கொண்டு வைங்க. முதல் நாள் பாடத்துல நான் மிக முக்கியம்னு நினைக்கறது இந்த ஒண்ணைத்தான். படுக்கற இடம் சரியா இருந்தா எழுந்திருக்கறது தானா வரும்.

மூக்கு குத்தறதுக்கு ரெண்டாவது காரணம் பார்வை. எழுந்திருக்கும்போது காலைக் குனிஞ்சு பார்த்தா தலை கனம் முன்னால போகும், மூக்கு இறங்கும். கரையில அசையாத ஒண்ணைப் பிடிச்சுக்குங்க, தென்னை மரமோ நிறுத்தி வெச்ச படகோ. கண் அங்கேயே.

நுரை உங்களுக்குப் பின்னால பத்தடி தூரத்துல வரும்போது கை போட ஆரம்பிங்க. ஒவ்வொரு கையா, ஆழமா, முழங்கை வரைக்கும் தண்ணிக்குள்ள போய் நீளமா இழுக்கணும். அஞ்சாறு இழுப்பு. நுரை வாலைத் தொட்டதும் ஒரு உந்தல் தெரியும், நிறைய பேர் அங்கேயே கையை நிறுத்திடறாங்க. நிறுத்தாதீங்க, இன்னும் ரெண்டு இழுப்பு போடுங்க. போர்டு தானா வழுக்கிப் போகுதுன்னு தெரிஞ்ச பிறகு கையை விலாப்பக்கம் வெச்சு எழுந்திருங்க. முதல் அஞ்சாறு அலைக்கு எழுந்திருக்கவே வேண்டாம், படுத்துக்கிட்டே கரை வரைக்கும் வாங்க. எந்தப் பக்கம் சாஞ்சா போர்டு எந்தப் பக்கம் திரும்புதுன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

விழறதுக்கும் முறை இருக்கு. அலை தன் உயரத்தைப் போல ஏறக்குறைய 1.3 மடங்கு ஆழத்துல உடையும். ரெண்டடி அலைன்னா அங்க தண்ணி ரெண்டரை அடிதான், நுரை ஓடி வர்ற இடத்துல அதை விடக் குறைவு. தலை முன்னால போய் விழுந்தா நேரா மணல், கழுத்துல அடிபடறது இப்படித்தான். பக்கவாட்டுலயோ பின்னாலயோ, கை காலை விரிச்சுத் தட்டையா விழுங்க. விறைச்ச காலோட குதிக்காதீங்க, கணுக்கால் மடங்கும். தண்ணிக்குள்ள இருந்து வெளிய வரும்போது ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டே வாங்க, லீஷ் இழுத்துப் போர்டு திரும்பி வர்ற நேரம் அது.

முழங்கால் ஆழம் வந்ததும் இறங்கிடுங்க. அதுக்கு மேல ஓட்டினா ஃபின் மணல்ல குத்தி உடையும்.


நுரைப்பலகை:

இழுப்பைப் பத்தியும் சொல்லிடணும். கரைக்கு வந்த தண்ணி ஏதாவது ஒரு வழியாத் திரும்பிக் கடலுக்குப் போய்த்தான் ஆகணும். அந்த வழிதான் இழுப்பு. அடையாளம்: ரெண்டு பக்கமும் அலை உடைஞ்சு வெள்ளையா இருக்க, நடுவுல ஒரு பட்டை மட்டும் உடையாம அமைதியா, கலங்கலா இருக்கும். நுரை கரைக்கு வராமக் கடல் பக்கமாப் போகும். புதுசா வர்றவங்க அந்த அமைதியைப் பார்த்து அங்கேயே இறங்கறாங்க, மூழ்கறது பெரும்பாலும் அப்படித்தான்.

மாட்டிக்கிட்டா கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீங்க. போர்டை விடாதீங்க, அது உங்களை மிதக்க வைக்கும். மேல படுத்து, கரைக்கு இணையாப் பக்கவாட்டுல அலை உடையற இடத்தை நோக்கிக் கை போடுங்க, அங்க போனா நுரையே தள்ளிட்டு வந்துடும். முடியலன்னா படுத்துக்கிட்டே ஒரு கையைத் தூக்கி அசைங்க.

இதை விட அடிக்கடி நடக்கறது கரையை ஒட்டின நீரோட்டம். அரை மணி நேரத்துல உங்களை அறியாமலே ரொம்ப தூரம் நகர்ந்திருப்பீங்க. கரையில ஒரு அடையாளம் வெச்சு, நாலஞ்சு அலைக்கு ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. தள்ளிப் போயிருந்தா தண்ணியில எதிர்த்துப் போராடாம, கரையேறி நடந்து வந்து மறுபடி இறங்குங்க.

கோவளம் முதல்ல மீனவர்களோட தொழில் செய்யற இடம். ஃபைபர் படகு கரையேறற தடத்துலயும் கரைவலை இழுக்கற இடத்துலயும் இறங்கவே கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம்தானேன்னு நினைக்காதீங்க. அது விசைப்படகுகளுக்கு, சின்னப் படகுகள் போய்ட்டு வந்துட்டுத்தான் இருக்கும்.

தண்ணியில காலைத் தூக்கி வைக்காம மணலைத் தேய்ச்சு நடங்க. திருக்கை மீன் மணலுக்கடியில படுத்திருந்தா அதிர்வை உணர்ந்து விலகிடும். சொறி மீன் (ஜெல்லி ஃபிஷ்) பட்டா நல்ல தண்ணி ஊத்தாதீங்க, கடல் தண்ணியாலயே கழுவுங்க. ஒட்டியிருக்கற இழையைக் கையால தொடாம எடுத்துட்டு, பொறுக்கற சூட்டுல வெந்நீர் ஒத்தடம். மூச்சு வாங்கினாலோ உடம்பு வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி.


பர்கூர்_பையன்:

கண்ணாடிக்கு என்ன பண்றது? தங்கச்சியை இப்பவே கூட்டிட்டுப் போகலாமா? சனி, ஞாயிறு ரெண்டு நாள்னா எத்தனை பாடம் எடுக்கலாம்? என்ன துணி போடறது?


பாலக்கோடு_நீச்சல்:

கண்ணாடியைக் கழட்டிட்டுத்தான் இறங்கணும். மைனஸ் 3-ன்னா தூரத்துல மங்கலாத் தெரியும், இடுப்பளவுத் தண்ணிக்கு அது போதும். கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கிட்டுக் கடல்ல இறங்காதீங்க, முதல் நுரையிலயே போயிடும், போகாம இருந்தா கண்ணுல கிருமி தங்க இடம். பயிற்சியாளர்கிட்ட முதல்லயே சொல்லிடுங்க. வா, நில், வெளிய வான்னு கையை அகல வீசிக் காட்டுவாரு, பளிச்சுன்னு நிறமுள்ள சட்டையா போட்டுக்கச் சொல்லுங்க.

தங்கச்சி விஷயத்துல கறாரா இருங்க. இடுப்பளவுத் தண்ணிதானேன்னு நீச்சல் தெரியாதவங்களையும் சேர்த்துக்கற இடங்கள் உண்டு. ஆனா லீஷ் அறுந்தாலோ, பள்ளத்துல கால் வெச்சாலோ கைக்குப் பிடி எதுவும் இருக்காது. லீஷை உயிர்காக்கற கயிறா நினைக்கவே கூடாது. முதல்ல நீந்தட்டும். குளம் தூரமா இருந்தா படிக்கட்டுள்ள கிணத்துல, நல்லா நீந்தத் தெரிஞ்ச பெரியவங்க ஒருத்தர் தண்ணிக்குள்ளயே கூட இருக்க, இடுப்புல சுரைக்குடுக்கையோ மூடி இறுக்கின காலி கேனோ கட்டிப் பழகலாம். நம்ம பக்கம் புள்ளைங்க அப்படித்தான் கத்துக்குது. குடுக்கை இல்லாம 50 மீட்டர் நீந்தி, மல்லாந்து ரெண்டு நிமிஷம் மிதந்தா கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் மாடியில சாக்பீஸ் கோட்டு மேல அவளும் உங்களோட பாப்-அப் பழகட்டும். கடலுக்கு வந்தா உங்களுக்கு முன்னாடி அவ எழுந்து நிப்பா.


ஈசிஆர்_காலை:

துணி: முழுக்கை ராஷ் கார்டு கட்டாயம். ஃபோம் போர்டு வயித்தையும் நெஞ்சையும் சிராய்ச்சிடும், மறுநாள் படுக்கவே முடியாது. அரைக்கால் ட்ரவுசர்ல ஜிப்போ உலோகப் பொத்தானோ வேண்டாம். பொண்ணுங்களுக்கு ராஷ் கார்டும் லெக்கிங்ஸும் சரியா இருக்கும். பருத்தி டி-சர்ட் தண்ணி குடிச்சுக் கனமாகித் தொங்கும், கையைத் தூக்க விடாது. மூக்கு, கன்னம், காது மடல், கால் பின்புறம் எல்லாம் துத்தநாக க்ரீம் தடவுங்க. உள்ளங்கையிலயும் நெஞ்சுப் பக்கமும் மட்டும் படாம பார்த்துக்குங்க, பட்டா போர்டுல வழுக்கும்.

இறங்கறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி ரெண்டு வாழைப்பழமோ ரெண்டு இட்லியோ, அதுக்கு மேல வேண்டாம். குப்புறப் படுத்து வயித்தை அழுத்தும்போது எல்லாம் மேல வந்துடும். வெளிய வந்ததும் உப்புப் போட்ட மோர் குடிங்க.

பாடம் பெரும்பாலும் ஒரு மணியில இருந்து ஒன்றரை மணி நேரம். சனிக்கிழமை காலையில ஒண்ணு, ஞாயித்துக்கிழமை காலையில ஒண்ணு, அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலமும் ஒண்ணு சேர்த்தா ஞாயித்துக்கிழமை தோள் தூக்காது, காசு வீண். அந்தச் சாயங்காலம் கரையில உட்கார்ந்து மத்தவங்க எங்க படுக்கறாங்க, எப்போ கையை நிறுத்தறாங்கன்னு பாருங்க. முதல் பாடத்துலயே நுரையில எழுந்து நிக்கறவங்க நிறைய. உடையாத அலையை யாரும் தள்ளி விடாமத் தானா பிடிக்கப் பல வார இறுதி ஆகும், அதை முதல் பயணத்துல எதிர்பார்க்காதீங்க.

ஞாயித்துக்கிழமை பாடம் முடிஞ்சு குளிச்சு சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு அப்புறம் வண்டியை எடுங்க. பைக்ல வர்றதா இருந்தா அதுவும் வேண்டாம், பஸ்லயே வாங்க. கை போட்டுப் போட்டு முன்கை அவ்வளவு சோர்ந்திருக்கும், வாணியம்பாடி வர்றதுக்குள்ள க்ளட்ச் பிடிக்க விரல் மடங்காது.